மீன் குழம்புக்கு ஐந்து நட்சத்திரம்

அம்மாவின் வேலை போனதற்குக் காரணம் ஒரு பாராட்டு.

கோடம்பாக்கத்தில் ரயில்வே லைனை ஒட்டிய தெரு ஒன்றில் எங்கள் வீடு. அங்கிருந்து ஆற்காடு சாலை நடக்கிற தூரம்தான். அந்தச் சாலைக்குப் பின்னால் இருக்கும் அடுக்ககம் ஒன்றில் நான்கு வீடுகளை சர்வீஸ் அபார்ட்மென்ட்டாக மாற்றி ஒருவர் இணையத்தில் வாடகைக்கு விட்டிருந்தார். சிகிச்சைக்காக வெளிநாடுகளிலிருந்து வருகிறவர்களே பெரும்பாலும் அங்கே தங்குவார்கள். பெருக்குவது, துடைப்பது, குளியலறை கழுவுவது, படுக்கை விரிப்பு மாற்றுவது எல்லாம் அம்மாவின் வேலை. மாதச் சம்பளம். எழுத்தில் எதுவும் கிடையாது.

2024 தொடக்கத்தில் வங்கதேசத்திலிருந்து ஒரு கணவனும் மனைவியும் வந்து தங்கினார்கள். கணவருக்கு பைபாஸ் நடந்திருந்தது. மருத்துவமனையிலிருந்து வந்த மனிதருக்கு இட்லி, கஞ்சி எதுவும் இறங்கவில்லை. மீன் இல்லாமல் சோறு சாப்பிட்டுப் பழக்கமே இல்லாதவர்கள். ஆனால் அந்த வீட்டின் இணையப் பக்கத்தில் வைஃபை, ஏசி, லிஃப்ட் என்ற வரிசையிலேயே ‘பியூர் வெஜ் மட்டும்’ என்று போட்டிருக்கும். சமையலறைச் சுவரிலும் அதை ஒட்டி வைத்திருந்தார்கள். அந்த அம்மா கையைக் காட்டிக் காட்டிப் பேச, என் அம்மா தலையை ஆட்டி ஆட்டிப் புரிந்துகொள்ள, மறுநாள் எங்கள் வீட்டில் கூடுதலாக நான்கு சங்கரா மீன் குழம்பில் விழுந்தது. எண்ணெயும் காரமும் குறைத்து வைத்த குழம்பு. டிபன் பாக்ஸில் போட்டு, பையில் மேலே பழைய துணியை வைத்து எடுத்துப் போனார். அவர்கள் ஊருக்குக் கிளம்பும்வரை இது நடந்தது.

போன பிறகு அந்த அம்மா ரிவ்யூ எழுதினார். ஐந்து நட்சத்திரம். வீடு சுத்தம், மருத்துவமனை பக்கம், எல்லாவற்றையும்விட இங்கே வேலை செய்யும் அக்கா தன் வீட்டிலிருந்து மீன் குழம்பு கொண்டுவந்து என் கணவரைத் தேற்றினார் என்று வங்க மொழியில் எழுதியிருந்தார். தளம் அதைத் தானாகவே ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து உரிமையாளரின் கைப்பேசிக்கு அனுப்பிவைத்தது. மறுநாள் காலை அம்மாவைப் படியிலேயே நிறுத்தி, ‘இனிமே வர வேணாம்’ என்றார் அவர்.

வீட்டுக்கு வந்து அம்மா என்னிடம் கேட்டார்: “நல்லதாத்தானேடி எழுதியிருக்காங்க?”

நான் முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்வதே பயணிகள் இணையத்தில் எழுதும் ரிவ்யூக்களைப் பற்றித்தான். அவை எப்படி நம்பிக்கையை உருவாக்குகின்றன, அந்த நம்பிக்கை எப்படி ஓர் ஊரை நோக்கி மனிதர்களை நகர்த்துகிறது என்று கருத்தரங்குகளில் பேசியிருக்கிறேன். அன்றைக்கு அம்மாவின் கேள்விக்கு எனக்குப் பதில் தெரியவில்லை. இந்தக் கட்டுரை அதற்கான முயற்சி.

திரை வழியே வரும் விருந்தாளி

ஒரு வெளிநாட்டவர் சென்னைக்கு வரும் வழி கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் அடியோடு மாறிவிட்டது. முன்பு பயண முகவர், கையில் ஒரு வழிகாட்டிப் புத்தகம், விமான நிலையத்தில் பெயர்ப் பலகை பிடித்து நிற்கும் ஓட்டுநர். இன்று எல்லாம் கைப்பேசியில். 2014 நவம்பர் 27 அன்று இந்தியா 43 நாடுகளின் பயணிகளுக்கு இணைய வழியிலேயே சுற்றுலா அனுமதி தரும் முறையைத் தொடங்கியது. பிறகு அது இ-விசா என்று பெயர் பெற்று, நாடுகளின் பட்டியலும் நீண்டது. விசா, விமானம், அறை, ஆட்டோ, சாப்பாடு என ஒவ்வொன்றிலும் முடிவெடுக்கும் முன் பயணி பார்ப்பது முன்னால் வந்துபோனவர்கள் போட்ட நட்சத்திரங்களைத்தான்.

வங்கதேசத்தவர்களின் கதை கொஞ்சம் வேறு. அவர்கள் மருத்துவ விசாவுக்கு மையங்களில் வரிசையில் நிற்க வேண்டியிருந்தது. ஆனால் எந்த ஊர், எந்த மருத்துவர், எந்தத் தெருவில் அறை என்பதையெல்லாம் ஃபேஸ்புக் குழுக்களிலும் வாட்ஸ்அப்பிலும் ஒருவரிடம் ஒருவர் கேட்டே முடிவு செய்தார்கள். 2019இல் இந்தியாவுக்கு வந்த சுமார் 1 கோடியே 9 லட்சம் வெளிநாட்டுப் பயணிகளில் ஐந்தில் ஒருவருக்கும் மேல் வங்கதேசத்தவர். அதே ஆண்டில் தமிழ்நாட்டில் பதிவான வெளிநாட்டவர் வருகைகள் 68 லட்சத்துக்கும் மேல். ஒரே ஆள் இரண்டு மாநிலங்களுக்குப் போனால் இரண்டு வருகையாகக் கணக்கில் வரும் என்பதையும் சேர்த்துத்தான் இந்த எண்ணைப் படிக்க வேண்டும். அப்படிப் பார்த்தாலும் இந்தியாவிலேயே அந்த ஆண்டு முதலிடம் தமிழ்நாட்டுக்குத்தான்.

இந்தக் கூட்டம் கோடம்பாக்கத்தின் முகத்தையும் மாற்றியது. ஒரு காலத்தில் சினிமா வாய்ப்புத் தேடி ஊர் ஊராக ஆட்கள் வந்து இறங்கிய பகுதி இது. வடபழனியில் விஜயா வாஹினி ஸ்டூடியோ இருந்த வளாகத்தில் இன்று மருத்துவமனையும் மாலும் நிற்கின்றன. உதவி இயக்குநர்கள் கூட்டாக வாடகைக்கு இருந்த மாடி அறைகளில் இப்போது ஏசி போட்டு, வெள்ளை விரிப்பு விரித்து, படமெடுத்து இணையத்தில் ஏற்றுகிறார்கள்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அறையின் படத்தை ஏற்றுபவர் சொத்து வைத்திருப்பவர். ஆங்கிலத்தில் பதில் எழுதத் தெரிந்தவர். நட்சத்திரம் அவர் கணக்கில் ஏறுகிறது. அந்த நட்சத்திரத்தை உண்டாக்கும் உழைப்பு, அதாவது குளியலறை ஓட்டின் இடுக்கில் பிரஷ் வைத்துத் தேய்க்கிற உழைப்பு, பக்கத்தில் எங்குமே இல்லை. ‘சுத்தம்’ என்று ஒரு மதிப்பெண் இருக்கும். சுத்தம் செய்தவருக்கு ஒரு வரி இருக்காது. இந்த நாட்டில் சுத்தம் செய்கிறவர்கள் எந்தச் சாதிகளிலிருந்து வருகிறார்கள் என்பதை இந்தப் பக்கத்தைப் படிக்கும் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

வைஃபைக்குப் பக்கத்தில் சாதி

‘தன் வீட்டில் மீன் கூடாது என்று சொல்வது அவருடைய விருப்பம், இதிலும் சாதியா?’ என்று நண்பர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி போலத்தான் தெரியும். ஆனால் அந்த உரிமையாளர் அந்த வீட்டில் வசிக்கவில்லை. அங்கே அவர் சமைப்பதும் இல்லை, சாப்பிடுவதும் இல்லை. அது அவருக்குக் கடை. அந்தக் கடைக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் மீன் சாப்பிடுகிறவர்கள். 2014ஆம் ஆண்டின் மாதிரிப் பதிவுத் திட்டக் கணக்கெடுப்புப்படி தமிழ்நாட்டில் 97 விழுக்காட்டுக்கும் மேலானோர் அசைவம் சாப்பிடுகிறவர்கள். அப்படியிருக்க ‘பியூர் வெஜ்’ என்பது யாருடைய தேவை?

அது உணவைப் பற்றிய தகவலாக மட்டும் அங்கே நிற்கவில்லை. தரச் சான்றிதழாக நிற்கிறது. இந்த வீடு சுத்தமானது, இந்தத் தெரு ‘டீசன்ட்’டானது, இங்கே வருகிறவர்கள் ‘ஒரு மாதிரி’ ஆட்கள் இல்லை என்பதையெல்லாம் இரண்டே சொற்களில் சொல்லிவிடுகிறது. ‘இந்தச் சாதியினருக்கு வீடு இல்லை’ என்று பலகை மாட்டினால் சட்டம் கேள்வி கேட்கலாம். ‘சைவம் மட்டும்’ என்று போட்டால் யாரும் கேட்க மாட்டார்கள். சென்னையில் வாடகை வீடு தேடிய நம் ஒவ்வொருவருக்கும் இந்தச் சொல்லின் பொருள் தெரியும். வீட்டுத் தரகர் வாயால் சொல்லிக்கொண்டிருந்ததை இப்போது தேடுபொறியில் ஒரு ‘டிக்’ பெட்டியாக வைத்துவிட்டார்கள். வெளிநாட்டவருக்கு அது வெறும் உணவுப் பழக்கம். நமக்கு அது வாசற்படி.

இந்த விதி விருந்தாளியோடும் நிற்கவில்லை. கருவாட்டுக் குழம்பு கொண்டுபோன நாள்களில் அம்மா மாடிப்படித் திருப்பத்தில் உட்கார்ந்துதான் மதியச் சாப்பாடு சாப்பிட்டிருக்கிறார். எனக்கு இது வேலை போன பிறகுதான் தெரிந்தது. ‘அதுல இன்னா இருக்குது, காத்து நல்லா வரும்’ என்றார்.

தளங்கள் வழியே பாகுபாடு காட்டப்படுவது நம் ஊரில் மட்டும் நடப்பதில்லை. அமெரிக்காவில் ஹார்வர்டு ஆய்வாளர்கள் மூவர், ஐந்து நகரங்களில் ஏர்பிஎன்பி தளத்தில் ஒரு சோதனை நடத்தினார்கள். எல்லா வகையிலும் ஒரே மாதிரியான விண்ணப்பங்கள். ஒரு பாதியில் வெள்ளையருக்கு வழக்கமான பெயர், மறு பாதியில் கறுப்பினத்தவருக்கு வழக்கமான பெயர். கறுப்பினப் பெயர் கொண்ட விண்ணப்பங்களுக்கு இடம் கிடைக்கும் வாய்ப்பு சுமார் 16 விழுக்காடு குறைவாக இருந்தது. ஆய்வு 2017இல் வெளியானது. அதற்கு முந்தைய ஆண்டே கறுப்பினப் பயணிகள் தங்கள் அனுபவங்களைச் சமூக ஊடகத்தில் கொட்டத் தொடங்கியிருந்தார்கள். நிறுவனம் விதிகளை மாற்ற வேண்டி வந்தது. அங்கே பாகுபாட்டை அளந்தார்கள், அதனால் கேள்வி கேட்க முடிந்தது. இங்கே சாதியை அளக்கும் அப்படிப்பட்ட சோதனைகள் நிறைய வர வேண்டும். என்னைப் போன்ற ஆய்வு மாணவர்களுக்கான வேலை இது.

அண்ணல் எழுதிய பயணக் குறிப்பு

நம் தரப்பில் இதைப் பற்றி முதலில் எழுதியவர் யார் என்று யோசித்தால் எனக்கு அண்ணல் அம்பேத்கர்தான் நினைவுக்கு வருகிறார். ‘விசாவுக்காகக் காத்திருத்தல்’ என்ற அவருடைய சிறு நூலை நம்மில் பலர் தன்வரலாறாகப் படித்திருப்போம். அதைப் பயணக் குறிப்பாகவும் படிக்கலாம். அதிலுள்ள அனுபவங்களில் பல பயணத்திலேயே நடக்கின்றன. சிறுவனாக அப்பாவைப் பார்க்கக் கோரேகாவ் போகும்போது வண்டி கிடைக்கவில்லை, குடிக்கத் தண்ணீர் கிடைக்கவில்லை. வெளிநாட்டில் படித்துத் திரும்பி பரோடாவுக்கு வேலைக்குப் போகும்போது தங்க இடம் கிடைக்கவில்லை. பார்சி விடுதி ஒன்றில் பார்சிப் பெயரில் தங்குகிறார். பதினோராம் நாள் தடிகளோடு வந்தவர்கள் வெளியேற்றுகிறார்கள். 1934இல் இயக்கத் தோழர்களோடு எல்லோரா குகைகளைப் பார்க்கச் சுற்றுலா போகிறார். வழியில் தௌலதாபாத் கோட்டை வாசலில் இருந்த குளத்தில் கைகால் கழுவியதற்காகக் கூட்டம் திரள்கிறது. கடைசியில் தண்ணீரைத் தொடாமல் பார்த்துக்கொள்ள ஆயுதமேந்திய காவலரைக் கூட அனுப்பித்தான் கோட்டையைச் சுற்றிப்பார்க்க விடுகிறார்கள்.

அவர் அந்த நூலை வெளிநாட்டவரிடமிருந்தே தொடங்குகிறார். தீண்டாமை என்று ஒன்று இருப்பது அவர்களுக்குத் தெரியும், அதன் கொடுமை அருகில் இல்லாததால் உறைக்காது என்பதால் சம்பவங்களாகச் சொல்கிறார். அதாவது இந்த நாட்டைப் பற்றி வெளிநாட்டவர் என்ன அறிய வேண்டும் என்பதைப் பாதிக்கப்பட்டவர் தன் கையால் எழுதினார். இன்றைய பயணத் தளங்களில் கோடிக்கணக்கான குறிப்புகள் இருக்கின்றன. விடுதியின் வெந்நீர் பற்றி, காபி பற்றி, கோபுரத்தின் அழகு பற்றி எழுதியிருக்கிறார்கள். இப்படிப்பட்ட ஒரு குறிப்பைத் தேடித்தான் பார்க்க வேண்டும்.

எதைப் பார்க்க வருகிறார்கள்?

அறையை விட்டு வெளியே வருவோம். சென்னையில் பார்க்க வேண்டியவை என்று தேடிப் பாருங்கள். மயிலாப்பூர், கபாலீசுவரர் கோயில், ஃபில்டர் காபி, கோலம், பட்டுப்புடவை, டிசம்பர் கச்சேரி, அங்கிருந்து மாமல்லபுரம். எதுவும் பொய்யில்லை. ஆனால் ஒரு கோடி மக்கள் வாழும் நகரத்தை இரண்டு மூன்று மாடவீதிகளாகச் சுருக்கிய படம் அது. தேடுபொறி இதைச் சதி செய்து காட்டவில்லை. ஏற்கெனவே அதிகம் பார்க்கப்பட்டதை அது முன்னே வைக்கிறது, முன்னே வைத்தது மேலும் பார்க்கப்படுகிறது. நூறு ஆண்டுகளாக அச்சிலும் வானொலியிலும் சபாக்களிலும் யார் கையில் மேடை இருந்ததோ அவர்களுடைய நகரம், அல்காரிதத்தின் நகரமாகவும் ஆகிவிடுகிறது.

2017இல் யுனெஸ்கோ சென்னையை இசைக்கான படைப்பாற்றல் நகரமாகத் தன் பட்டியலில் சேர்த்தது. இசை நகரம் என்றதும் உலகத்தின் முன் விரியும் படத்தில் பறை எங்கே, கானா எங்கே? அடுத்த ஆண்டு, 2018 ஜனவரியில், ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ கீழ்ப்பாக்கத்தில் தன் முதல் நிகழ்ச்சியை நடத்தியது. 2020 டிசம்பரில் நீலம் பண்பாட்டு மையம் ‘மார்கழியில் மக்களிசை’யைத் தொடங்கியது. இவர்களின் பாட்டு சபாக் கதவைத் தட்டிக்கொண்டு நிற்கவில்லை, யூடியூப் வழியாக உலகத்துக்குப் போனது. இணையம் நமக்குத் திறந்த கதவு இது, மறுக்க முடியாது. அந்த உரிமையாளரின் கைப்பேசியில் வேலையைப் பறித்த அதே தொழில்நுட்பம்தான் வியாசர்பாடிப் பையன் பாடுகிற கானாவை டொரண்டோவில் இருப்பவருக்குக் கேட்க வைக்கிறது.

ஆனால் பாட்டு போன பிறகு பெயர் போகிறதா என்பதுதான் கேள்வி. 2021 மார்ச்சில் வெளியான ‘எஞ்சாய் எஞ்சாமி’ பல கோடி முறை பார்க்கப்பட்டது. நிலமற்ற உழைப்பாளிகளின் கதை, இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் திரும்பிய தன் பாட்டி வள்ளியம்மாளின் கதை என்று அறிவு சொன்ன பாட்டு. அதே ஆண்டு ஆகஸ்டில் ரோலிங் ஸ்டோன் இதழின் இந்தியப் பதிப்பு அட்டையில் அவர் படம் இல்லை. எதிர்ப்பு எழுந்த பிறகே அவருக்குத் தனியாக டிஜிட்டல் அட்டை வந்தது. 2022 ஜூலை 28 அன்று 44ஆவது செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழா சென்னை நேரு உள்விளையாட்டரங்கில் நடந்தது. 180க்கும் மேற்பட்ட நாடுகளின் வீரர்கள் வந்திருந்தார்கள். அந்த மேடையிலும் பாட்டு ஒலித்தது, அறிவு இல்லை. அவர் அப்போது அமெரிக்காவில் இருந்தார் என்று விளக்கம் சொன்னார்கள். அந்தப் பாட்டில் யாருடைய பங்கு எவ்வளவு என்று பல தரப்பு வாதங்களும் வந்தன. அந்த வழக்கைத் தீர்ப்பது என் நோக்கமில்லை. உலகம் ஒரு பாட்டைத் தேடி நம் ஊரை நோக்கித் திரும்பும்போது, எழுதியவர் தன் பெயரைத் தானே எடுத்துச் சொல்லிக்கொள்ள வேண்டிய நிலை வந்ததே, அதைத்தான் சொல்கிறேன்.

இன்னொரு படம். கண்ணகி நகர். 2000ஆம் ஆண்டு முதல் நகரத்தின் ஆற்றங்கரைகளிலிருந்தும் சாலையோரங்களிலிருந்தும் அப்புறப்படுத்தப்பட்டவர்களைக் கொண்டுபோய்க் குடியமர்த்திய இடம். 15 ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள். 2020இல் அந்தக் குடியிருப்புச் சுவர்களில் பெரிய பெரிய ஓவியங்களை வரைந்தார்கள். கலை மாவட்டம் என்று பெயர் வைத்தார்கள். இணையத்தில் படங்கள் பரவ, கேமராவோடு ஆட்கள் வந்தார்கள். ஓவியங்கள் அழகானவை. அங்குள்ள பிள்ளைகளுக்குத் தங்கள் தெருவைப் பற்றிப் பெருமை வந்தது என்றால் அது நல்லதுதான். ஆனால் படம் எடுக்க வருகிறவரின் சட்டகத்தில் சுவர் இருக்கிறது. அந்தச் சுவருக்குப் பின்னால் இருக்கும் குடும்பம் ஏன் வேலைக்கும் பள்ளிக்கும் இருபது கிலோமீட்டர் தள்ளி வந்தது என்ற கதை சட்டகத்தில் இல்லை. அதே கண்ணகி நகரிலிருந்து 2025இல் ஆசிய இளையோர் விளையாட்டில் கபடித் தங்கம் வென்று வந்த கார்த்திகா, தன்னைக் கண்ணகி நகர் கார்த்திகா என்றே அறியச் செய்தார். வெளியாட்கள் தீட்டிய வண்ணத்தைவிட, அங்கேயே வளர்ந்த பெண் ஊர்ப்பெயரைத் தன் பெயரோடு சேர்த்துச் சொன்னது அந்த ஊரைப் பற்றிய பேச்சை மாற்றியது.

நம் வரைபடம்

அமெரிக்காவில் கறுப்பினத்தவருக்கு ஓட்டல்களில் இடம் மறுக்கப்பட்ட காலத்தில், நியூயார்க்கின் ஹார்லெமில் விக்டர் ஹியூகோ கிரீன் என்ற தபால்காரர் 1936இல் ஒரு சிறு புத்தகம் போட்டார். எந்த ஊரில் எந்த வீட்டில் நம்மைத் தங்க விடுவார்கள், எந்த பெட்ரோல் பங்கில் நிறுத்தலாம் என்ற பட்டியல். வாசகர்கள் கடிதம் எழுதி எழுதிப் பட்டியலை வளர்த்தார்கள். இன்றைய சொல்லில் சொன்னால் பயணிகளே எழுதிய ரிவ்யூத் தளம். 1960களின் நடுப்பகுதி வரை அது வந்தது. ஆளும் சாதியோ ஆளும் நிறமோ வைத்திருக்கும் வரைபடத்தைத் திருத்தச் சொல்லிக் காத்திருக்காமல், தங்களுக்கான வரைபடத்தைத் தாங்களே வரைந்துகொண்டார்கள்.

நமக்கும் அதற்கான கருவிகள் கையில் இருக்கின்றன. கூகுள் மேப்பில், விக்கிப்பீடியாவில், ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் யார் வேண்டுமானாலும் எழுதலாம். 2015இல் தலித் பெண்கள் முன்னெடுத்த தலித் வரலாற்று மாதம் விக்கிப்பீடியாவில் நம் வரலாற்றை ஏற்றுவதையும் தன் வேலையாக எடுத்துக்கொண்டது. அதைத் தெரு அளவுக்குக் கொண்டுவர வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். புத்தகயைக்குப் போகும் இலங்கைப் பௌத்தப் பயணிகள் சென்னை வழியாகப் போவதும், எழும்பூர் கென்னட் சந்தில் உள்ள மகாபோதி மையத்தில் தங்குவதும் நெடுங்கால வழக்கம். அங்கிருந்து சில கிலோமீட்டரில் ராயப்பேட்டை. அயோத்திதாசப் பண்டிதர் 1898இல் கொழும்பு சென்று பௌத்தம் தழுவித் திரும்பி, சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவி, 1907இல் ‘ஒரு பைசாத் தமிழன்’ இதழைத் தொடங்கிய பகுதி அது. கொழும்பையும் ராயப்பேட்டையையும் இணைத்த இந்த வரலாறு அந்தப் பயணியின் கைப்பேசியில் வருகிறதா? பெரம்பூரில் தமிழ்ப் பௌத்தர்களின் விகாரை இருப்பது வருகிறதா? கிண்டி காந்தி மண்டப வளாகத்தில் 2023 டிசம்பரில் திறந்த பண்டிதரின் மணிமண்டபம் வருகிறதா? இந்த மூன்றையும் கோத்து ஒரு நாள் பயணப் பாதையாகச் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் தமிழிலும் எழுதி ஏற்ற நான்கு மாணவர்கள் போதும். அந்தப் பகுதிகளில் படித்த நம் இளைஞர்கள் அதற்கு வழிகாட்டிகளாக இருக்கட்டும். வருமானமும் அவர்களுக்கு வரட்டும்.

அரசிடம் கேட்க வேண்டியதும் இருக்கிறது. தமிழ்நாட்டில் வீட்டுவேலைத் தொழிலாளர்களுக்கு 2007 முதல் நல வாரியம் இருக்கிறது. தளம் சார்ந்த கிக் தொழிலாளர்களுக்கு 2023 டிசம்பரில் தனி வாரியம் அமைத்தார்கள். அம்மா இரண்டுக்கும் நடுவில் விழுகிறார். அவர் துடைப்பது வீடு, ஆனால் அது விடுதி. அவர் வேலையைத் தீர்மானிப்பது ஒரு தளம், ஆனால் அந்தத் தளத்தில் அவருக்குக் கணக்கு இல்லை. ரிவ்யூவை வைத்துக் கூலியைப் பிடிக்கவோ வேலையிலிருந்து நிறுத்தவோ கூடாது என்ற விதியும், இணைய வழி வாடகைக்கு விடப்படும் எல்லா வீடுகளின் பணியாளர்களுக்கும் பதிவும் வேண்டும். தளங்களிடம் கேட்க வேண்டியது இன்னும் எளிது. ‘சைவம்’ என்பது அங்கே பரிமாறும் உணவைப் பற்றிய தகவலாக மட்டும் இருக்கட்டும். தங்குகிறவரும் வேலை செய்கிறவரும் என்ன சாப்பிட வேண்டும் என்ற கட்டளையாக அதை வைக்க அனுமதிக்கக் கூடாது.

நாமும் பயணிகள்தான். நீங்கள் ஊட்டிக்கோ பாங்காக்கிற்கோ போனால் அறையைச் சுத்தம் செய்தவரைப் பற்றி ஒரு வரி எழுதுங்கள். அதற்கு முன் அவரிடமே கேளுங்கள்: ‘உங்களைப் பற்றி எழுதலாமா, எழுதினால் உங்களுக்குச் சங்கடம் வருமா?’ வங்கதேசத்து அம்மா மேல் எனக்குக் கோபம் கிடையாது. அவர் மனசார எழுதினார். அவர் பார்த்தது ஒரு மனிதருக்கு இன்னொரு மனிதர் கொடுத்த குழம்பு. நடுவில் இருக்கும் படிகள் அவருக்குத் தெரியாது. அம்மாவிடம் நான் கடைசியில் சொன்ன பதிலும் இதுதான்.

2024 ஆகஸ்டில் வங்கதேசத்தில் ஆட்சி மாறிய பிறகு இந்தியா அங்கே விசா கொடுப்பதை வெகுவாகக் குறைத்தது. எத்தனை நட்சத்திரம் இருந்தாலும் அரசாங்கம் கதவைச் சாத்தினால் ஆள் வர முடியாது என்பதை எங்கள் தெருவே பார்த்தது. ஆற்காடு சாலைப் பக்கம் பல அறைகள் காலியாகக் கிடந்தன. அம்மாவுக்குப் பதிலாக வந்த பெண்ணுக்கும் அங்கே வேலை போயிற்று.

அந்த ரிவ்யூ இன்னும் இருக்கிறது. சில மாதங்களுக்கு முன் அம்மா, ‘அதுல என் பேரு இருக்குதா?’ என்று கேட்டார். இல்லை, அக்கா என்றுதான் இருக்கிறது என்றேன். ‘பேரைப் போட்டிருக்கலாம்’ என்றார்.

இந்தக் கட்டுரையிலாவது போடலாம் என்று நினைத்தேன். வேண்டாம் என்று அவரே சொல்லிவிட்டார். இன்னும் அதே தெருக்களில்தான் அவர் வேலை தேடிக்கொண்டிருக்கிறார்.